இருபத்திரண்டு வலைப்பதிவுகள், ஒரு முருங்கை மரம்: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாசிக்க வழி உண்டா?

துணுக்காய் ரீச்சர் (ஞாயிறு, காலை 10.20)

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வாசிக்கும் வலைப்பதிவுகள் இருபத்திரண்டு. பாதிக்கு மேல் புளொக்கரில் இருக்கின்றன. ஏழு வேர்ட்பிரஸில். ஒன்று மீடியத்தில், ஒன்று சப்ஸ்டாக்கில். ஒருவர் சொந்தப் பெயரில் முகவரி வாங்கி நடத்துகிறார். அது எதில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் குறித்துவைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது வழக்கம். எங்கள் வளவில் சிக்னல் கிணற்றடி முருங்கைக்குக் கீழேதான் ஒழுங்காக வரும். கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்து இருபத்திரண்டையும் திறந்தால், இரண்டில்தான் புதிதாக ஏதாவது இருக்கும். மற்றவற்றில் போன ஞாயிறு பார்த்த அதே முகப்பு. டேட்டாவும் கரைந்துவிடும், வெயிலும் தலைக்கு ஏறிவிடும்.

அதனால் எப்போதாவது எழுதுகிறவர்களைத் திறந்து பார்ப்பதை விட்டுவிட்டேன். அதற்குத் தண்டனையும் கிடைத்தது. வன்னிக் காட்டு மரங்களைப் பற்றி எழுதும் ஒருவர் பாலைப்பழத்தைப் பற்றி எழுதியிருந்தார். பழத்தைத் தின்றால் உதடு ஒட்டுகிறதே, அந்தப் பால் எங்கிருந்து வருகிறது என்று பழத்தைப் பிளந்து படம் போட்டிருந்தார். எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்றே எழுதியது போல இருந்தது. அவர் ஆனியில் எழுதியதை நான் மார்கழியில் கண்டேன். பிள்ளைகளை மரத்தடிக்குக் கூட்டிப்போனால் பழமா இருக்கும்? மழைத்தண்ணீர்தான் நின்றது.

யார் எதில் எழுதினாலும், புதிதாக எழுதியது மட்டும் என்னிடம் வந்து சேர வழி உண்டா?

முறிகண்டிக் கச்சான் (10.41)

ரீச்சர், இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? எல்லோரும் முகநூலில் இருக்கிறார்கள். அங்கே பின்தொடர்ந்தால் எழுதியவுடன் இணைப்புப் போடுவார்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பரந்தன் சந்தி (11.15)

கச்சான் தம்பி, முறிகண்டியில் நிற்காமல் போகும் வாகனம் உண்டா? பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்துவிட்டுத்தான் எல்லோரும் போவார்கள். முகநூல் அப்படியல்லவே. எது உங்கள் கண்ணில் படும், எது படாமல் போகும் என்பதை அங்கே இன்னொருவர் தீர்மானிக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுதுகிற மனிதரின் இணைப்பு கலியாணவீட்டுப் படங்களுக்கு அடியில் போய்விடும். ரீச்சர் தவறவிட்டது அப்படி எழுதுகிற ஒருவரைத்தான்.

ரீச்சர், நீங்கள் கேட்பதற்குப் பெயர் ஓடை வாசிப்பான். ஓடை என்றதும் மழைக்கு மட்டும் தண்ணீர் ஓடுகிற நம்மூர் ஓடை நினைவுக்கு வந்தால் பிழையில்லை. இதுவும் எழுதினால்தான் ஓடும்.

அநேகமாக ஒவ்வொரு வலைப்பதிவும் தன் முகப்புக்குப் பின்னால் இன்னொரு கோப்பை வைத்திருக்கிறது. அதில் நிறம் இல்லை, பக்கப்பட்டை இல்லை, விளம்பரப் பலகை இல்லை. தலைப்பு, திகதி, எழுதியவர், எழுதியது, அதற்கான இணைப்பு, அவ்வளவுதான். புதிய பதிவு போட்டால் அது அந்தக் கோப்பின் தலையில் ஏறும். அதுதான் ஓடை. வாசிப்பான் உங்களுக்குப் பதிலாக இருபத்திரண்டு ஓடைகளையும் இடைக்கிடை எட்டிப் பார்த்து, புதியதை மட்டும் எடுத்துவந்து ஒரே பட்டியலில் வைக்கும். மாற்றம் எதுவும் இல்லையென்றால் மறுமுனையிலுள்ள வழங்கி (சேர்வர்) '304' என்ற ஓர் எண்ணை மட்டும் திருப்பி அனுப்பும். 'மாற்றமில்லை, போய் வா' என்று அர்த்தம். முகப்பைத் திறந்து பார்க்கிற செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இதில் இரண்டு வகை உண்டு. ஆர்.எஸ்.எஸ். என்பது 1999இல் நெட்ஸ்கேப்பில் பிறந்தது. இன்று பரவலாக இருக்கும் 2.0 வடிவம் 2002இல் வந்தது. அட்டம் என்பது 2005 டிசம்பரில் இணையத் தரமாக வெளியானது. புளொக்கர் இரண்டையும் தரும், வேர்ட்பிரஸும் அப்படியே. எந்த வாசிப்பானும் இரண்டையும் வாசிக்கும் என்பதால் உங்களுக்கு அதில் வேலை இல்லை. பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு செய்தி வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள்: 2000ஆம் ஆண்டில் ஆர்.எஸ்.எஸ். 1.0ஐ வகுத்த குழுவில் இருந்த ஆரோன் சுவார்ட்ஸுக்கு அப்போது வயது 14.

முதலில் வலைப்பதிவின் சாதாரண முகவரியையே வாசிப்பானில் ஒட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஓடையை அதுவே தேடிப் பிடித்துவிடும். பிடிக்காவிட்டால் கையால் கொடுக்க வேண்டும். இங்கே இணைப்புகளை ஒட்டினால் தளம் விழுங்கிவிடுகிறது, ஆகவே சொல்லாகவே எழுதுகிறேன். வேர்ட்பிரஸ் என்றால் முகவரியின் முடிவில் சாய்கோடு போட்டு 'ஃபீட்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் சேருங்கள். சப்ஸ்டாக்குக்கும் அதேதான். புளொக்கருக்குச் சாய்கோடு 'ஃபீட்ஸ்', சாய்கோடு 'போஸ்ட்ஸ்', சாய்கோடு 'டிஃபோல்ட்'. மீடியம் மட்டும் தலைகீழ்: மீடியத்தின் முகவரிக்கும் எழுதுகிறவரின் பெயருக்கும் நடுவில் 'ஃபீட்' வர வேண்டும். சொந்த முகவரிக்காரருக்கு வேர்ட்பிரஸ் வழியை முதலில் முயன்று பாருங்கள். பத்தில் ஏழு தடவை சரிவரும் என்பது என் அனுபவம்.

மின்னஞ்சலில் வரவழைக்கலாமே என்று யாராவது சொல்வதற்கு முன்: புளொக்கரில் அந்த வழி 2021 யூலையோடு முடிந்துவிட்டது.

துணுக்காய் ரீச்சர் (11.32)

மிக்க நன்றி அண்ணை. எந்த வாசிப்பானை எடுப்பது? தமிழ் எழுத்து உடையாமல் தெரிய வேண்டும். காசு கட்ட என்னால் இயலாது.

குளக்கட்டு (மதியம் 1.05)

வயலால் இப்போதுதான் வந்தேன். நான் கமக்காரன், கணினிக்காரன் இல்லை. விசுவமடுவில் இருந்துகொண்டு மூன்று வருடமாக இதைத்தான் பயன்படுத்துகிறேன் என்பதால் சொல்கிறேன்.

அன்ட்ரொயிட் தொலைபேசிக்கு 'ஃபீடர்' என்று ஒரு செயலி இருக்கிறது. திறமூலம், இலவசம், கணக்குத் திறக்கத் தேவையில்லை. ஓடைகள் உங்கள் தொலைபேசியிலேயே இருக்கும். அமைப்புகளில் 'வைஃபையில் மட்டும்', 'மின்னேற்றும்போது மட்டும்' என்று இரண்டு தெரிவுகள் உண்டு. மகளின் வீட்டில் வைஃபை இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு அங்கே தங்கும்போது தொலைபேசியை மின்னேற்றப் போட்டுவிடுவேன். விடியப் பார்த்தால் ஒரு கிழமைக்கு வாசிக்க இருக்கும். முழுக் கட்டுரையையும் எடுத்துவைக்கும்படி அந்தந்த ஓடைக்குச் சொல்லிவைக்கலாம். பிறகு சிக்னல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. 2022 பங்குனிக் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாத நாட்களில், இப்படி எடுத்துவைக்கும் பழக்கம் இல்லாமல் நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

குளத்துத் துருசு (மதகு) திறக்கிற நாளில் வாய்க்கால் தலைப்பில் மூன்று நான்கு மணித்தியாலம் காவல் இருக்க வேண்டியிருக்கும். எனக்கு அதுதான் வாசிப்பு நேரம். தண்ணீர் மடையில் ஏறும் சத்தம் மாறினால் தலையை நிமிர்த்துவேன், மற்றபடி வாசிப்புத்தான்.

பரந்தன் சந்தி (1.30)

குளக்கட்டு ஐயா சொல்வது ரீச்சருக்குப் பொருந்தும். ஒரு குறை: தொலைபேசி தொலைந்தால் ஓடைகளும் தொலையும். பாடசாலைக் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் ஒரே பட்டியல் வேண்டும் என்றால் ஃபீட்லி, இனோரீடர் மாதிரி கணக்குள்ள சேவையை எடுக்கலாம். ஃபீட்லியின் இலவசக் கணக்கில் 100 ஓடைகள் வரை சேர்க்கலாம், இருபத்திரண்டுக்கு அது தாராளம். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு நெட்நியூஸ்வயர். 2002இல் தொடங்கியது, இப்போது இலவசம். கணினியில் தண்டர்பேர்ட் மின்னஞ்சல் செயலி வைத்திருந்தால் அதற்குள்ளேயே ஓடை வாசிக்கலாம், வேறொன்றும் இறக்கத் தேவையில்லை. ஃபயர்பொக்ஸ் உலாவியில் முன்னர் இந்த வசதி இருந்தது; 2018 டிசம்பரில் வந்த 64ஆம் பதிப்போடு எடுத்துவிட்டார்கள். பழைய வழிகாட்டிகளைப் பார்த்து அதைத் தேடி அலையாதீர்கள்.

பழைய பதிவர் (இரவு 9.50)

புதுக்குடியிருப்பில் பிறந்து, இப்போது பனிக்குள் இருப்பவன். இந்த இழையைக் கண்டதும் தூக்கம் போய்விட்டது.

நாங்கள் எழுதத் தொடங்கிய காலத்தில் ஓடை என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணத்தைத் தொடங்கினார். அது திரட்டி, பதிவர்களின் ஓடைகளை எடுத்து எல்லோருக்குமாக ஒரே பக்கத்தில் அடுக்கியது. ஓடை வாசிப்பான் அதையே உங்கள் ஒருவருக்காகச் செய்கிறது. திரட்டியில் சண்டை வரும், அணி சேரும், யார் பதிவு மேலே நிற்பது என்ற போட்டி வரும். வாசிப்பானில் அது எதுவும் இல்லை. எனக்கு அந்தச் சண்டையும் பிடிக்கும் என்பது வேறு கதை.

நான் வைத்திருந்த வாசிப்பான் கூகுள் ரீடர். அது 2005 ஒக்டோபரில் வந்து 2013 யூலை 1இல் மூடப்பட்டது. இடையில் 2008, 2009 வருகிறது. அந்த மாதங்களில் வன்னியைப் பற்றி எழுதும் எந்தப் பதிவு எங்கே இருந்தாலும் பட்டியலில் சேர்த்துவிடுவேன். வேலையிடத்தில் கழிவறைக்குள் போய் நின்று திறந்து பார்ப்பேன். புதிய பதிவுகளின் எண் கூடியிருந்தால் பயம், கூடாவிட்டால் அதைவிடப் பயம். அந்த ஓடைகளில் பதினாறு இன்னும் என் பட்டியலில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் நேரே பூச்சியம். ஒன்றையும் நீக்கவில்லை.

ஒரு பிழை செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். ரீடர் மூடப்பட்டபோது பட்டியலை மட்டும் இறக்கினேன். அழிந்துபோன வலைப்பதிவுகளின் எழுத்து அந்த வாசிப்பானில் மிஞ்சிக் கிடந்தது. அதைப் படியெடுக்கத் தோன்றவில்லை. நாலு மாத அவகாசம் இருந்தும் செய்யாதது என் சோம்பல்தான். இப்போது முகவரிகள் இருக்கின்றன, எழுத்து இல்லை.

ஆகவே ரீச்சர், எந்த வாசிப்பானை எடுத்தாலும் சந்தாப் பட்டியலை ஓ.பி.எம்.எல். கோப்பாக ஏற்றுமதி செய்யும் இடம் எங்கே என்று முதல் நாளே பார்த்துவையுங்கள். அந்தச் சின்னக் கோப்பை எந்த வாசிப்பானுக்கும் கொண்டுபோகலாம். மனதில் நிற்கும் பதிவைத் தனியாகச் சேமித்துவிடுங்கள்.

கோபமும் ஒன்று உண்டு. ஓடையில் வாசிக்கிறவர்கள் பின்னூட்டம் போடுவதில்லை. எழுதுகிறவனுக்கு வருகைக் கணக்கும் தெரியாது. கிணற்றுக்குள் கல் போட்டுச் சத்தம் கேட்காதது மாதிரி.

முறிகண்டிக் கச்சான் (திங்கள், காலை 6.15)

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன் அண்ணை. முகநூலில் ஒரு விருப்பமாவது விழும். வாசித்ததாக அடையாளமாவது இருக்கும். ஓடையில் வாசிப்பது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பது போல.

குளக்கட்டு (6.40)

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு வார்த்தை பேசுவதை யார் தடுத்தார்கள் தம்பி? பிடித்தால் இணைப்பைத் தட்டி உள்ளே போய் எழுதுகிறேன். மாதத்துக்கு இரண்டு பின்னூட்டமாவது எழுதுவேன். நெல்லில் கபிலத்தத்திப் பூச்சி விழுந்ததைப் பற்றி ஒருவர் எழுதிய பதிவுக்குக் கீழே நான் எழுதிய பதில், அவர் எழுதியதைவிட நீளம்.

துணுக்காய் ரீச்சர் (திங்கள், மாலை 5.20)

ஃபீடரை இறக்கிவிட்டேன். இருபத்திரண்டில் பதினெட்டு முதல் முயற்சியிலேயே வந்துவிட்டன. தமிழும் உடையவில்லை. மற்றவற்றில் சிக்கல்:

ஒரு வேர்ட்பிரஸ் பதிவில் 'குளங்கள்' என்ற பிரிவு மட்டும் எனக்குப் போதும். அதன் முகவரியைத் தமிழில் தட்டினால் செயலி ஏற்கவில்லை. ஒரு புளொக்கர் பதிவு முதல் நாலு வரியோடு நிற்கிறது. சப்ஸ்டாக்கிலும் சில பதிவுகள் பாதியில் நிற்கின்றன. இன்னொன்று வந்தது, ஆனால் எழுத்தெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பையாகக் கிடக்கிறது.

பரந்தன் சந்தி (7.05)

கடைசியில் இருப்பது பாமினி. நம் பக்கத்து அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் நெடுங்காலம் புழங்கிய எழுத்துரு. அதில் தமிழாகத் தெரிந்தது உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்கு மேல் போர்த்திய தமிழ் உருவம். ஓடையில் எழுத்துரு வராது, எழுத்து மட்டும்தான் வரும். போர்வையை இழுத்தால் உள்ளே இருப்பது தெரிகிறது. ஒருங்குறி (யுனிகோட்) மாற்றியில் ஒட்டி வாசிக்கலாம், அல்லது அந்தப் பதிவரிடமே மாற்றச் சொல்லலாம். பழைய பதிவாக இருந்தால் மாற்றமாட்டார்.

தமிழ் முகவரிக்கு ஒரு தந்திரம்: கையால் தட்டாதீர்கள். அந்தப் பிரிவை உலாவியில் திறந்து, மேலே இருக்கும் முகவரியைப் படியெடுத்து ஒட்டுங்கள். தமிழ் எழுத்துகள் விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக மாறி நீண்ட பாம்பு போல விழும். பயப்படாதீர்கள், அதுதான் சரி. ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட், முகவரியில் அது ஒன்பது எழுத்தாக விரியும். மெய்க்குப் புள்ளி தனி, உயிர்மெய்க்குக் கொம்பும் காலும் தனி. 'துணுக்காய்' என்று எழுதினால் பத்துக் குறியீடு, தொண்ணூறு எழுத்து. ஊர்ப்பெயருக்கே இந்தக் கதி. வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரித் துண்டுக்கு 200 எழுத்துதான் இடம் கொடுக்கும் என்பதால், நீளமான தமிழ்த் தலைப்புகள் முகவரியில் அரைகுறையாக வெட்டுப்பட்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பாம்பின் வாலில் சாய்கோடு போட்டு 'ஃபீட்' சேருங்கள்.

நாலு வரியோடு நிற்கும் புளொக்கர் பதிவுக்கு வாசிப்பான் குற்றவாளி இல்லை. பதிவர் ஓடையைச் சுருக்கமாக வைத்திருக்கிறார். குளக்கட்டு ஐயா சொன்ன முழுக்கட்டுரைத் தெரிவைப் போட்டுப் பாருங்கள். சப்ஸ்டாக்கில் காசு கட்டியவர்களுக்கான பதிவு ஓடையில் முன்னோட்டமாகத்தான் வரும், மீடியத்தில் உறுப்பினருக்கானவையும் அப்படி. அது அவர்கள் பிழைப்பு, விட்டுவிடுங்கள்.

செட்டிகுளம் மண் (8.30)

ஐயோ, அந்த நாலு வரிக் குற்றவாளிகளில் நானும் ஒருவன் என்று நினைக்கிறேன். புளொக்கரில் எழுதுகிறேன். ஓடை என்ற ஒன்று என் பதிவுக்கு இருப்பதே இன்றுதான் தெரியும். எங்கே மாற்றுவது?

பரந்தன் சந்தி (8.44)

புளொக்கரின் அமைப்புகளில் கீழே இறங்கினால் தள ஓடைக்கென்று ஒரு பகுதி இருக்கும். அதில் 'முழுமை' என்று தெரிவு செய்யுங்கள். வேர்ட்பிரஸ்காரர்களுக்கு அமைப்புகள், வாசிப்பு என்ற பக்கத்தில். 'முழுப் பதிவு', 'சுருக்கம்' என இரண்டு இருக்கும். அதே பக்கத்தில் ஓடையில் எத்தனை பதிவு வைப்பது என்றும் கேட்கும். சும்மா விட்டால் பத்து. புதிதாகச் சேர்கிறவருக்கு உங்கள் பழைய பதிவுகள் வராமல் போவது அதனால்தான்.

செட்டிகுளம் மண் (8.59)

மாற்றிவிட்டேன். இனி வருகைக் கணக்குக் குறைந்தால் பழைய பதிவர் அண்ணையோடு சேர்ந்து அழுவேன்.

மாங்குளம் மழை (செவ்வாய், காலை 9.10)

ஒரு எச்சரிக்கை. சொந்த முகவரி வைத்திருந்த ஒரு பதிவர் கட்டணம் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். அவருடைய ஓடை இரண்டு வருடம் சத்தமில்லாமல் கிடந்தது. போன தைப்பொங்கலன்று பார்த்தால் அதே பெயரில் முப்பத்தேழு புதிய பதிவுகள். ஆவலோடு திறந்தேன். எல்லாம் சூதாட்ட விளம்பரம். கைவிட்ட முகவரியை வேறு யாரோ வாங்கியிருக்கிறார்கள். ஓடைக்கு ஆள் மாறியது தெரியாது. பக்கத்தில் அம்மா இருந்தார், 'இது என்ன பிள்ளை வாசிக்கிறாய்' என்று கேட்டார்.

பழைய பதிவர் (செவ்வாய், பின்னேரம் 3.25)

அந்தப் பதினாறில் ஒன்றுக்கு அப்படி நடந்தால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. புளொக்கர் முகவரிகள் என்பதால் புதுப்பிக்கக் கட்டணம் இல்லை. அந்த அளவில் நிம்மதி.

துணுக்காய் ரீச்சர் (சனி, மாலை 6.00)

எல்லோருக்கும் நன்றி. 'குளங்கள்' பிரிவும் பாம்பு வழியாக வந்துவிட்டது. பாமினிக்காரருக்கு மின்னஞ்சல் போட்டேன், இன்னும் பதில் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வவுனிக்குளத்தையும் பாலியாற்றையும் பற்றி எழுதிவந்த ஒருவர் 2019க்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை. சேர்ப்பதா விடுவதா என்று யோசித்துவிட்டு, பூச்சியமாகக் கிடந்தாலும் பரவாயில்லை என்று பட்டியலின் அடியில் போட்டுவைத்தேன். பழைய பதிவர் அண்ணையைப் பார்த்து வந்த பழக்கம்.

நேற்றுப் பாடசாலை முடிந்து வந்து முருங்கைக்குக் கீழே தொலைபேசியைத் திறந்தேன். அவர் பெயருக்கு நேரே 1. சூதாட்டமாக இருக்குமோ என்று முதலில் பயந்தேன். இல்லை. குளம் வான் பாய்ந்த ஒரு படம், அதன் கீழே ஆறு வரி. தாய்க்குச் சுகமில்லாமல் இருந்ததாம், இனி எழுதுவாராம்.

குளக்கட்டு (6.12)

அவருடைய முகவரியை இங்கே போடுங்கள் ரீச்சர். இணைப்பாகப் போட்டால் விழுங்கிவிடும், சொல்லாக எழுதுங்கள்.

முறிகண்டிக் கச்சான் (6.20)

எனக்கும். அந்த ஃபீடரை எங்கே இறக்குவது?